அல்சைமர் ப்ராஜெக்ட்: எந்த மூளைப் படத்தை நம்புவது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் என் அண்ணன் மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தான். கூடவே வகுப்பு நண்பர்கள் இரண்டு பேர். கொருக்குப்பேட்டைப் பையன் ஒருவன், காசிமேட்டுப் பெண் ஒருத்தி. மூன்று பேருக்கும் இன்ஜினியரிங் கடைசி வருஷம். வந்த வேகத்திலேயே, "அத்தை, ப்ராஜெக்ட் முடிஞ்சிடுச்சு. மூளை ஸ்கேனைப் பார்த்து அல்சைமர் இருக்கா இல்லையான்னு ஏஐ சொல்லிடும். அக்யூரசி 98.7" என்றான். ஆரம்பித்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது.

நான் 14 வருஷமாக எம்ஆர்ஐ டெக்னீஷியன். பழைய வண்ணாரப்பேட்டையில் வீடு, ஸ்கேன் சென்டரில் வேலை. பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டது கொரோனா காலத்தில். பிழைப்புக்காக அல்ல, ஆசைக்கு. அந்த 98.7-ஐக் கேட்டதும் எனக்கு வந்தது சந்தேகம்தான். தலை நரைத்த ரேடியாலஜிஸ்ட்டுகள்கூட ஒரே ஒரு எம்ஆர்ஐயை வைத்துக்கொண்டு "இது அல்சைமர்" என்று ரிப்போர்ட் எழுத மாட்டார்கள். இன்ன இடத்தில் தேய்வு தெரிகிறது, அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்கவும் என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். இந்தப் பிள்ளைகளின் லேப்டாப்புக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இவ்வளவு தைரியம்?

இந்தத் தலைப்பில் ப்ராஜெக்ட் செய்கிறவர்கள் ஏகப்பட்ட பேர். எடுக்கக்கூடிய வழிகள் என்று பார்த்தால் நாலுதான்: கேகிள் என்ற தரவு இணையதளத்தில் ரெடியாகக் கிடைக்கும் படங்கள், அமெரிக்காவின் பெரிய ஆய்வான ஏடிஎன்ஐ, அதைவிடச் சிறிய மூளை ஸ்கேன் தொகுப்பான ஓயாசிஸ், அப்புறம் நம்ம ஊர் ஸ்கேன்கள். என் ஓட்டு ஓயாசிஸுக்கு. அதுவும் படத்தை அப்படியே விழுங்கித் தானே கற்றுக்கொள்ளும் டீப் லேர்னிங்கை ஓரமாக வைத்துவிட்டு, மூளையின் ஒரு சின்னப் பகுதியை அளந்து பார்க்கும் வழிக்கு. மாணவர்களுக்கு இது ருசிக்காது என்று தெரியும். அன்றைக்கு என் வீட்டு மாடியிலும் ருசிக்கவில்லை.

முதலில் அவர்கள் எடுத்திருந்த கேகிள் தொகுப்பைப் பார்ப்போம். மொத்தம் 6,400 படங்கள், நான்கு வகை. நோய் இல்லாதவர்கள் 3,200, மிக லேசான மறதி நோய் 2,240, லேசானது 896, நடுத்தரம் 64. மாடலைப் பழக்க ட்ரெய்ன், சோதிக்க டெஸ்ட் என்று இரண்டு ஃபோல்டராகப் பிரித்தே வருகிறது. டவுன்லோட் செய்தோமா, எவரோ எழுதி வைத்த சிஎன்என் மாடலை (படங்களைப் பார்த்துப் பழகும் டீப் லேர்னிங் வகை) ஓடவிட்டோமா, வேலை தீர்ந்தது. ப்ராஜெக்ட் சென்டர்களில் காசுக்கு விற்கப்படுவதும் பெரும்பாலும் இந்த வகைதான்.

ட்ரெய்ன் ஃபோல்டரில் நடுத்தர வகையைத் திறந்து, படங்களைச் சின்னச் சின்னதாக்கி வரிசையாகக் காட்டச் சொன்னேன். பக்கத்திலேயே டெஸ்ட் ஃபோல்டரில் இருக்கும் அதே வகை. நாள் முழுக்க மூளையைப் பார்க்கிறவர்களுக்கு மூளையும் முகம் மாதிரிதான்; ஒன்று போல் இன்னொன்று இருக்காது. ட்ரெய்ன் பக்கத்துப் படம் ஒன்றில் ஒரு பக்க வென்ட்ரிக்கிள் (மூளைக்குள் நீர் நிறைந்த அறை) மறுபக்கத்தைவிட அகலமாக இருந்தது, அதன் பின்முனை கொக்கி போல லேசாக வளைந்திருந்தது. டெஸ்ட் பக்கத்திலும் அதே அகலம், அதே கொக்கி. கொஞ்சம் கீழே வெட்டிய ஸ்லைஸ் (குறுக்குவெட்டுப் படம்), அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டின் மேலும் விரலை வைத்து, "இது யாரு? இது யாரு?" என்றேன். காசிமேட்டுப் பெண்தான் முதலில் பிடித்தாள். "ரெண்டும் ஒரே ஆளு அத்தை."

அப்புறம் கணக்குப் போட்டோம். 64-ஐ 32-ஆல் வகுத்தால் 2. 896-ஐ வகுத்தால் 28. 2,240-ஐ வகுத்தால் 70. ஓயாசிஸ் முதல் தொகுப்பில் உள்ள நோயாளிகளின் எண்ணிக்கை என்ன தெரியுமா? நடுத்தரம் 2 பேர், லேசானது 28 பேர், மிக லேசானது 70 பேர். படத்தின் அளவு 176-க்கு 208 பிக்சல்; ஓயாசிஸ் ஒரே சட்டத்தில் பொருத்தித் தரும் படங்களின் அளவும் அதுவே. ஆளுக்கு 32 ஸ்லைஸ் உருவி எடுத்து, எது யாருடையது என்ற அடையாளத்தை உதறிவிட்டு, சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதுதான் என் முடிவு. நடுத்தர வகையின் 64 படங்களில் ட்ரெய்ன் ஃபோல்டரில் 52, டெஸ்ட் ஃபோல்டரில் 12. ஆளுக்கு 32 என்றால் 52 எப்படி வரும்? இரண்டு பேரில் ஒருவராவது இரண்டு ஃபோல்டரிலும் உட்கார்ந்திருந்தால்தான் வரும்.

ஆக, மாடல் கற்றுக்கொண்டது அல்சைமரை அல்ல, ஆளை. இந்த மூளையை ஏற்கெனவே பார்த்திருக்கிறோம், அதற்கு 'நடுத்தரம்' என்று சொன்னார்கள், இதற்கும் அதையே சொல்லி வைப்போம். நேற்று கேட்ட கேள்வியையே இன்று பரீட்சையில் கேட்டால் 98.7 வராமல் என்ன வரும்?

நான் மிகைப்படுத்துவதாகப் பையன்கள் நினைத்தார்கள். அதனால் 2021-இல் வெளிவந்த ஒரு ஆய்வைக் காட்டினேன். ஓயாசிஸ் ஆட்களுக்கு நோய் இருக்கிறது, இல்லை என்று வேண்டுமென்றே குருட்டாம்போக்கில் லேபிள் ஒட்டினார்கள். அதாவது கற்றுக்கொள்ள அதில் உண்மை எதுவுமே கிடையாது. ஸ்லைஸ்களைக் கலைத்துப் பிரித்துச் சோதித்தபோது அக்யூரசி சுமார் 96 சதவீதம். ஒரு ஆளின் எல்லா ஸ்லைஸ்களையும் ஒரே பக்கம் வைத்துச் சோதித்தபோது 50, அதாவது காசைச் சுண்டிப் போட்டுச் சொல்கிற கணக்கு. பொய்யான லேபிளுக்கே 96 வருகிறதென்றால், நம் பிள்ளைகளின் 98.7-க்கு என்ன மரியாதை? கொருக்குப்பேட்டைப் பையன் லேப்டாப்பை மெதுவாக மூடினான். பாவமாகத்தான் இருந்தது.

இதே குடும்பத்தில் இன்னொரு பொறி உண்டு. ஓயாசிஸ் இரண்டாம் தொகுப்பின் விவரங்கள் ஒரு அட்டவணையாகவும் சுற்றிக்கொண்டிருக்கின்றன: 150 பேர், 373 ஸ்கேன்கள், படங்கள் கிடையாது, எண்கள் மட்டும். அதில் சிடிஆர் என்று ஒரு பத்தி இருக்கும். நோயாளியிடமும் அவரோடு பழகுகிறவரிடமும் பேசி டாக்டர் போடும் மறதி மதிப்பெண் அது. நோயாளியா இல்லையா என்று பிரித்ததே அதை வைத்துத்தான். அதையும் மாடலுக்குக் கொடுத்துவிட்டு நோயைக் கண்டுபிடி என்பது, கேள்வித்தாளோடு விடைத்தாளைப் பின் அடித்துக் கொடுப்பது மாதிரி. இப்படிச் செய்தவர்களும் 95-க்கு மேல் வந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொள்கிறார்கள்.

சரி, அப்போது பெரிய இடத்துக்கே போகலாமே என்றான் அண்ணன் மகன். பெரிய இடம் என்றால் ஏடிஎன்ஐ. அட்னி என்றும் சொல்வார்கள். மைக்கேல் வீனர் தலைமையில் 2004-இல் அமெரிக்காவில் தொடங்கி, கனடாவையும் சேர்த்துக்கொண்டு, கட்டம் கட்டமாக இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வு. இந்த நோயின் ஏஐ ஆராய்ச்சியில் பெரும்பகுதி இதன் முதுகில்தான் சவாரி செய்கிறது. எம்ஆர்ஐ மட்டுமல்ல, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படிந்திருப்பதைக் காட்டும் பெட் ஸ்கேன், முதுகுத்தண்டு நீர்ப் பரிசோதனை, ரத்தம், மரபணு, ஞாபகத் தேர்வுகள் எல்லாமே இருக்கின்றன. ஒரே ஆளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். லேசான மறதியோடு வந்தவர்களில் யாருக்கு மூன்று வருஷத்தில் முழு நோயாகிறது என்பது மாதிரியான கேள்விக்கு இதைவிட நல்ல இடம் சொல்வது கஷ்டம். பிஎச்டி செய்கிறவர் என்னிடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

மூன்று மாதத்தில் வைவாவுக்கு நிற்க வேண்டிய பிள்ளைகளுக்குச் சொல்ல மாட்டேன். என்ன செய்யப் போகிறோம் என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும், தரவை யாருக்கும் கைமாற்ற மாட்டோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும், அனுமதி வரக் காத்திருக்க வேண்டும். அதெல்லாம் நியாயமான விதிகள்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தரவு வந்த பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பம். பல ஊர், பல கம்பெனி மெஷின், பல வருஷம். ஒரு மெஷினில் எடுத்த படத்துக்கும் இன்னொரு மெஷினில் எடுத்த படத்துக்கும் கறுப்பு வெள்ளையே வேறு மாதிரி இருக்கும். என்னைக் கேளுங்கள், நான் மூன்று மெஷினில் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு முழு முப்பரிமாண ஸ்கேன் 176-க்கு 256-க்கு 256 என்றால் 1 கோடியே 15 லட்சம் புள்ளிகள். கூகுளின் கோலாப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஜிபியு சிப்பில், மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பி, இதற்கு முப்பரிமாண சிஎன்என் ட்ரெய்ன் செய்கிறவர்கள் தூக்கத்தை மறந்துவிட வேண்டியதுதான்.

அவ்வளவு பாடுபட்டாலும் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பது அடுத்த கேள்வி. பாரிஸ் குழு ஒன்று 2020-இல் இந்தத் துறையின் சிஎன்என் ஆய்வுகளைத் திரட்டிப் பரிசோதித்தது. பாதிக்கும் மேற்பட்டவற்றில், சோதனைக்குரிய விஷயம் பயிற்சிக்குள் கசிந்திருக்கலாம் என்று கண்டார்கள். நாங்கள் மாடியில் பிடித்த அதே திருட்டுத்தனம், பத்திரிகைகளில் அச்சான கட்டுரைகளில். பிறகு அவர்களே ஒழுங்காகப் பிரித்துச் செய்து பார்த்தபோது, முப்பரிமாண சிஎன்என், டீப் லேர்னிங்குக்கு முந்தைய எஸ்விஎம் என்ற பழைய முறையைத் தாண்டவில்லை. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நின்றன. சில நூறு ஆட்களை வைத்துக்கொண்டு தனக்குள்ளே லட்சக்கணக்கான எண்களைச் சரிசெய்து கற்றுக்கொள்ளும் மாடலைப் பழக்குவது, ரெண்டு பேருக்குச் சமைக்கக் கல்யாண அண்டாவை அடுப்பில் ஏற்றுவது போல.

நாலாவது வழியை எடுத்தது கொருக்குப்பேட்டைப் பையன். "அத்தை, உங்க சென்டர்லயே எவ்ளோ ஸ்கேன் இருக்கு. பென்டிரைவ்ல குடுங்களேன். நம்ம ஊர் ஜனங்க டேட்டான்னா பேப்பரே போடலாம்." ஆசை நியாயமானது. ஏடிஎன்ஐயில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், சராசரியாக 16 வருஷம் படித்தவர்கள். நம் பக்கத்து மூளைகளை வைத்து ஒரு தொகுப்பு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது என்பது 2023-இல் வெளியான தேசிய ஆய்வின் கணக்கு. கர்நாடகத்தில் சீனிவாசபுரா கிராமங்களில் பெங்களூருக்காரர்கள் வருஷக்கணக்காக முதியவர்களைத் தொடர்ந்து பரிசோதித்து வருகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டிய வேலை அது. பென்டிரைவில் செய்கிற வேலை அல்ல.

கறாராக மறுத்துவிட்டேன். நோயாளி கொடுத்தது அவர் தலைவலிக்கான சம்மதம், உன் ப்ராஜெக்டுக்கான சம்மதம் அல்ல. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு ஸ்லைஸைக்கூட வெளியே எடுக்கக் கூடாது. பெயரை அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி: எம்ஆர்ஐயில் மூளை மட்டுமா இருக்கிறது? மூக்கு, கன்னம், உதடு எல்லாம் இருக்கிறது. 2019-இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 84 பேரின் தலை எம்ஆர்ஐயிலிருந்து முகத்தை வரைந்தெடுத்து, முகம் அடையாளம் காணும் மென்பொருளுக்குக் கொடுத்தார்கள். 70 பேரைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டது. முகத்தை நீக்காமல் ஒரு ஸ்கேனைக் கைமாற்றுவது ஆளின் போட்டோவைக் கைமாற்றுவதுதான்.

அதை விடுங்கள், தொழில் ரீதியாகவும் அது உதவாது. நாங்கள் வழக்கமாக எடுக்கும் மூளை ஸ்கேனில் ஒவ்வொரு ஸ்லைஸும் 5 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் இடைவெளி வேறு. ரத்தக் கசிவு, கட்டி, பக்கவாதம் பார்க்க அது போதும். அளந்து பார்க்க 1 மில்லிமீட்டர் வேண்டும். அப்புறம், எங்கள் சென்டரில் 'நார்மல்' என்று வெளியே போகிறவர்கள் யார்? ஒற்றைத் தலைவலிக்கு வரும் 30 வயதுக்காரர்கள். மறதிக்கு வருகிறவர்களுக்கு 75. இந்த இரண்டையும் பிரிக்கச் சொன்னால் மாடல் வயதைக் கண்டுபிடிக்கும், அதற்கு அல்சைமர் என்று நாம் பெயர் வைத்துக்கொள்வோம்.

இதே பொறி ஓயாசிஸிலும் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகம் (தலைநகரில் இருப்பது அல்ல, செயின்ட் லூயிஸில் இருப்பது) 2007-இல் வெளியிட்ட முதல் தொகுப்பில் 416 பேர். வயது 18 முதல் 96 வரை, எல்லோரும் வலது கைப் பழக்கமுள்ளவர்கள். நோயாளிகள் 100 பேரும் 60 வயதைத் தாண்டியவர்கள். மீதி 316 பேரையும் 'நார்மல்' என்று அப்படியே சேர்த்தால் கல்லூரிப் பிள்ளைகளையும் கொள்ளுப்பாட்டிகளையும் பிரித்த பெருமைதான் மிஞ்சும். 60-க்கு மேற்பட்டவர்களை மட்டும் எடுத்தால் 198 பேர்: நோயாளிகள் 100, மற்றவர்கள் 98. சின்னத் தொகுப்புதான், ஆனால் யோக்கியமானது. கட்டணம் கிடையாது, விதிமுறைகளை ஏற்றுக்கொண்டால் போதும். எந்தப் படம் எந்த ஆளுடையது என்பது கடைசி வரை கூடவே வரும். கேகிளில் உதறப்பட்ட அந்த அடையாளம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம்.

இந்த 198 பேரின் ஸ்கேனில் எதை அளப்பது? ஹிப்போகேம்பஸை. இரண்டு காதுக்கும் உள்பக்கமாக, மூளையின் அடியில், பக்கத்துக்கு ஒன்றாகச் சுருண்டு கிடக்கும் பகுதி. கிரேக்கத்தில் கடல்குதிரை என்று அர்த்தம். இதைச் சொன்னதும் காசிமேட்டுப் பெண் சிரித்தாள். வலையில் எப்போதாவது ஒன்றிரண்டு மாட்டுமாம். பிடிக்கத் தடை இருப்பதால் திரும்பக் கடலில் போட்டுவிடுவார்களாம். அவள் கையிலிருந்த சுண்டுவிரலைக் காட்டி, ஏறக்குறைய இவ்வளவு தடிமன் என்றேன். ஒரு பக்கத்துக்கு 3 கன சென்டிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். புதிய ஞாபகம் உருவாக இது வேண்டும். அல்சைமரில் சீக்கிரமே அடிபடும் இடங்களில் இதுவும் அடுத்திருக்கும் என்டோரைனல் பகுதியும் சேர்த்தி. முதுமையில் ஆரோக்கியமானவர்களுக்கே வருஷத்துக்கு ஒன்றரை சதவீதம் போலச் சுருங்கும். அல்சைமர் நோயாளிகளுக்கு 4 முதல் 5 சதவீதம்.

கையால் வரைந்து அளக்கத் தேவையில்லை. ஃப்ரீசர்ஃபர் என்ற இலவச மென்பொருள் வெகுகாலமாக இருக்கிறது, ஆனால் ஒரு மூளைக்கு 6 மணி நேரம் என்று வைத்தாலும் 198 பேருக்கு 50 நாள் ராப்பகலாக ஓடும். ஜெர்மனியின் பான் நகரக் குழு உருவாக்கிய ஃபாஸ்ட்சர்ஃபர் இதே பகுதிப் பிரிப்பை ஜிபியுவில் ஒரு நிமிஷம் போலச் செய்துவிடுகிறது. அதற்குள் இருப்பது டீப் லேர்னிங்தான். ஏஐ இல்லையே என்று கைடு முகம் சுளித்தால் இதைச் சொல்லலாம்: ஏஐயை அளவுகோலாகப் பயன்படுத்துகிறோம், நீதிபதியாக அல்ல. கிடைக்கும் அளவுகளைத் தலையின் மொத்த அளவால் சரிசெய்ய வேண்டும் (பெரிய தலைக்குப் பெரிய ஹிப்போகேம்பஸ், இதில் நோய் எதுவும் இல்லை), வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் சேர்க்க வேண்டும், லாஜிஸ்டிக் ரிக்ரெஷன் என்ற சாதாரணப் புள்ளியியல் கணக்கைப் போட வேண்டும். வைவாவில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர் "ஏன் இவருக்கு நோய்னு சொல்லுது?" என்று கேட்டால் ஒரு எண்ணைக் காட்டிப் பதில் சொல்ல முடியும். சிஎன்என்காரர்கள் சூடான இடம் என்று சிவப்பாகப் பூசிய ஒரு படத்தைக் காட்டுவார்கள். அந்தச் சிவப்பு பல நேரம் மூளைக்கு வெளியே கறுப்பில் கிடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அக்யூரசி எவ்வளவு வரும்? என் அனுமானம், 80-ஐ ஒட்டி வந்தால் அதுவே நல்ல வேலை. முதல் கட்ட நோயாளிகள் 70 பேர் இருக்கிறார்கள், அவர்கள் மூளை பார்வைக்கு மற்றவர்களுடையது மாதிரியே இருக்கும். இன்னொன்று, 198-இல் ஐந்தில் ஒரு பங்கைச் சோதனைக்கு ஒதுக்கினால் 40 பேர். ஒரு ஆள் என்பது 2.5 சதவீதம். 85 பெரிதா 87.5 பெரிதா என்று சண்டை போடுவது ஒரு தாத்தாவுக்காகச் சண்டை போடுவதுதான். ஆட்களை மாற்றி மாற்றிப் பலமுறை பிரித்து, எங்கிருந்து எங்கே வரை ஊசலாடுகிறது என்று காட்டுவதே மரியாதை.

ஓயாசிஸை நான் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு உண்மையான காரணம் இன்னும் சொல்லவில்லை. அதில் நோயில்லாத 20 பேரை 90 நாளுக்குள் இரண்டாவது முறை ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குள் ஹிப்போகேம்பஸ் பெரிதாக மாற வாய்ப்பில்லை. ஆனாலும் மென்பொருள் இரண்டு தடவையும் ஒரே எண்ணைச் சொல்லாது. அந்த வித்தியாசம் எவ்வளவு? 1 சதவீதமா, 3 சதவீதமா? நோய் வருஷத்துக்கு 4, 5 சதவீதம் கரைக்கும்போது, அளவுகோலே 3 சதவீதம் ஆடினால், ஆறு மாதத்தில் இன்னொரு ஸ்கேன் எடுத்து "தேய்வு கூடியிருக்கிறது" என்று ஒரு குடும்பத்திடம் எப்படிச் சொல்வது? காசு கட்டி ஏஐ ரிப்போர்ட் வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டிய கேள்வி. 98.7 வந்த ப்ராஜெக்டுகளில் இதை யாராவது தொட்டுப் பார்த்திருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

என் தொழில் இங்கேதான் குறுக்கே வருகிறது. மறதி நோயாளிகளை மெஷினுக்குள் படுக்க வைப்பது எப்படியென்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. ஐந்து நிமிஷம் தலையை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே வருவதற்குள் அவர்கள் அதை மறந்திருப்பார்கள். கடகடவென்று சத்தம் தொடங்கியதும் எழுந்திருக்கப் பார்ப்பார்கள். கூட வந்த மகளையோ மருமகளையோ உள்ளே நிறுத்தி, காலைப் பிடித்துக்கொண்டே இருக்கச் சொல்வேன். யாராவது தொட்டுக்கொண்டிருந்தால் அடங்குகிறார்கள். அப்படியும் கொஞ்சம் அசையத்தான் செய்யும். ஆரோக்கியமானவர்களையே வேண்டுமென்று தலையசைக்கச் சொல்லி எடுத்த 2015 ஆய்வு ஒன்றில், அசைவு இருந்த ஸ்கேன்களில் மூளையின் சாம்பல் பகுதி உண்மையில் இருப்பதைவிடக் குறைவாக அளவாகியிருந்தது. ஆக, நோயாளி அதிகம் அசைகிறார், அசைந்ததால் தேய்ந்தது போலத் தெரிகிறார். மாடல் அதையும் நோய்க் கணக்கில் எழுதிவிடும். ஸ்கேன்களைக் கண்ணால் ஒருமுறை பார்த்து, ஆடியவற்றைக் குறித்து வைக்கும் வேலையை மூன்று பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன். சலிப்பான வேலை. அத்தோவும் முட்டையும் வாங்கித் தருகிறேன் என்று சொல்லித்தான் ஒப்புக்கொள்ள வைத்தேன்.

டீப் லேர்னிங் இல்லாவிட்டால் மார்க் வராது என்று அண்ணன் மகன் விடவில்லை. பாதி விட்டுக் கொடுத்தேன். சிஎன்என்னையும் ஓடவிடட்டும், ஆனால் ஓயாசிஸ் ஸ்லைஸ்களில், இரண்டு விதமாக: ஒருமுறை கலைத்துப் பிரித்து, இன்னொரு முறை ஆள்வாரியாகப் பிரித்து. இரண்டு எண்களையும் ரிப்போர்ட்டில் அடுத்தடுத்து அச்சிடட்டும். மாடியில் பட்ட அவமானம் அப்படியே ஒரு அத்தியாயமாகிவிடும்.

ரத்தப் பரிசோதனையே வந்துவிட்ட பிறகு ஸ்கேன் எதற்கு என்றும் ஒருவன் கேட்டான். 2025 மே மாதம் அமெரிக்காவில் அப்படி ஒன்றுக்கு ஒப்புதல் கிடைத்தது உண்மை. ஆனால் விழுந்து அடிபட்டு மண்டைக்குள் ரத்தம் கட்டியதால் வந்த மறதியா என்று ரத்தம் சொல்லாது, ஸ்கேன்தான் சொல்லும். 2023-இல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானெமாப் போன்ற அல்சைமர் மருந்து கொடுக்கும்போது மூளையில் வீக்கம், கசிவு வருகிறதா என்று பார்க்கவும் எம்ஆர்ஐதான். எனவே என் வேலை இப்போதைக்குப் போகாது.

தலைப்பையும் மாற்றச் சொன்னேன். 'அல்சைமர் கண்டறிதல்' வேண்டாம். ஓயாசிஸின் லேபிள் டாக்டர் பேசிப் பார்த்துப் போட்ட மதிப்பெண். அமிலாய்டைப் பார்த்துப் போட்டதல்ல. ஹிப்போகேம்பஸ் வேறு சில முதுமை நோய்களிலும் தேயும். 'மறதி நோயில் ஹிப்போகேம்பஸ் அளவும் அந்த அளவீட்டின் நம்பகமும்' என்று வைத்திருக்கிறார்கள். கைடு இன்னும் பார்க்கவில்லை.

காசிமேட்டுப் பெண் எல்லோரும் இறங்கிய பிறகு ஒரு பழுப்புக் கவரோடு நின்றாள். உள்ளே ஒரு சிடி டிஸ்க். அவள் ஆயாவுடைய மூளை ஸ்கேன். நாற்பது வருஷம் காசிமேட்டில் மீன் விற்றவர்; கூறு கட்டிய மீனைப் பார்த்த மாத்திரத்தில் விலை சொல்லி, மீதிச் சில்லறையை எண்ணாமலே கொடுத்தவர். இப்போது ஐந்நூறு ரூபாய்க்கு மீதி கொடுக்கத் தெரியாமல் மொத்தப் பையையும் வாங்குகிறவரிடமே நீட்டிவிடுகிறாராம். "ப்ராஜெக்ட் முடிஞ்சதும் இதைப் போட்டுப் பாக்கலாமா அத்தை?"

முடியாது என்பதை உடனே சொல்ல வாய் வரவில்லை. சிடியைப் போட்டுப் பார்த்தேன். வழக்கமான 5 மில்லிமீட்டர் ஸ்லைஸ்கள். சின்த்செக் என்று ஒரு மென்பொருள் இந்த மாதிரித் தடித்த ஸ்லைஸ்களிலும் அளந்து ஒரு எண் தரும்தான். ஆனால் அந்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? செயின்ட் லூயிஸில் இருக்கும் 98 பேரோடா? மறதித் தேர்வே ஆயாவுக்குப் பொருந்தாது. 30 மதிப்பெண் தேர்வில் ஒரு வாக்கியம் எழுது என்று ஒரு கேள்வி, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய் என்று இன்னொன்று. ஆயா பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. எழுத்தறியாத முதியவர்களுக்கென்று ஹரியானா கிராமங்களில் 1990-களில் இந்தத் தேர்வை இந்தியில் மாற்றியமைத்தார்கள். நல்ல டாக்டர்கள் இங்கேயும் ஆளுக்குத் தகுந்த மாதிரி மாற்றித்தான் கேட்கிறார்கள். மீன் விலையைக் கேட்பார்கள், சில்லறையைக் கேட்பார்கள்.

"மாடலில் போட வேண்டாம்மா" என்றேன். "ஆனா இந்த சிடிய தொலைச்சிடாத. அடுத்த ரிவ்யூவுக்குப் போகும்போது கையில எடுத்துட்டுப் போ. புதுசா ஸ்கேன் எடுக்கச் சொன்னா, இதே சென்டர், இதே மெஷின்ல எடுக்க முடியுமான்னு கேளு. பழைய படத்தோட பக்கத்துல வச்சுப் பாக்கணும்."

கவரின் மேல் தேதியையும், எந்த மெஷினில் எடுத்தது என்பதையும் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அவள் போகும்போது ஓயாசிஸின் 12 பாகங்களில் நாலாவது பாகம் டவுன்லோட் ஆகிக்கொண்டிருந்தது.